தரம் வகுப்பவர் யார்?

உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டைச் சற்றுத் துழாவிப் பாருங்கள். பழைய கைபேசிகளோடு வந்த சார்ஜர்கள் இரண்டு மூன்றாவது அங்கே முடங்கிக் கிடக்கும். ஒன்றின் முனை ஊசிபோல் மெலிந்திருக்கும். இன்னொன்று தட்டையாக இருக்கும். வேறொன்று சற்று அகன்றிருக்கும். கைபேசி பழுதாகி எப்போதோ போய்விட்டது. சார்ஜர் நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருந்து என்ன பயன்? புதிய கைபேசியின் துளைக்குள் அது நுழையாது.

இன்று கடைக்குப் போனால் நிலைமை வேறு. எந்த நிறுவனத்தின் கைபேசியை வாங்கினாலும் பெரும்பாலும் ஒரே வகை முனைதான். எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் பொருந்தும் ‘டைப்-சி’ முனை அது. அதற்குள் 24 தொடுமுனைகள் இருக்கின்றன. எந்தத் தொடுமுனையில் மின்சாரம் வர வேண்டும், எதில் செய்தி போக வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டவை. 2023 ஜனவரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இந்த முனைக்கான பன்னாட்டுத் தரத்தை இந்தியத் தரமாக வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் இறுதி முதல் அது கட்டாயமாயிற்று.

இந்த ஒழுங்கு தானாக வந்துவிடவில்லை. யாரோ சிலர் ஓர் அறையில் உட்கார்ந்து, விவாதித்து, அளவுகளை எழுதி, ஒப்புக்கொண்டதால் வந்தது. அந்த ‘யாரோ சிலர்’ யார்? அந்த அறையில் நமக்கு இடம் உண்டா? இடம் இல்லாமற் போனால் நாம் இழப்பது என்ன? இவற்றைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

உதிரிகள் ஒன்று சேரும் இடம்

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் மறைமலை நகர் இருக்கிறது. தமிழறிஞர் மறைமலையடிகளின் (1876–1950) பெயரைத் தாங்கிய ஊர் அது. அதற்குச் சற்றுத் தெற்கே சிங்கப்பெருமாள் கோயில். அங்கிருந்து மேற்கே பிரியும் சாலை ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூரை அடைகிறது. ஏரிகளும் வயல்களுமாக இருந்த இந்த வட்டாரத்தில் இன்று சாலையின் இருபுறமும் தொழிற்சாலைகள்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ஆம் ஆண்டு நோக்கியா நிறுவனத்தின் கைபேசித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது; 2014-இல் மூடப்பட்டது. பின்னர் அந்த இடத்தைச் சால்காம்ப் நிறுவனம் வாங்கிச் சார்ஜர் முதலியவற்றைத் தயாரிக்க முற்பட்டது. ஃபாக்ஸ்கான் நிறுவனம் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் கைபேசிகளைப் பூட்டுகிறது. மறைமலை நகருக்குத் தெற்கே, மகிந்திரா வேர்ல்ட் சிட்டி வளாகத்தில், 2022-இல் பெகட்ரான் நிறுவனத்தின் கைபேசித் தொழிற்சாலை திறக்கப்பட்டது.

ஒரு கைபேசியின் திரை ஒரு நாட்டில் செய்யப்படுகிறது. அதன் மூளையாகிய சில்லு வேறொரு நாட்டில். மின்கலம் இன்னொரு நாட்டில். அவற்றைச் செய்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆயினும் இங்கே பூட்டப்படும் கைபேசி, உறையைப் பிரித்த சில நிமிடங்களில், பிரேசிலில் உள்ள ஒருவருடன் பேசுகிறது. இடையில் உள்ள கோபுரங்கள், கம்பிகள், இணைப்பகங்கள் எல்லாம் வெவ்வேறு நிறுவனங்கள் செய்தவை. இவை அனைத்தும் ஒன்றையொன்று புரிந்துகொள்வதற்குக் காரணம், எல்லாரும் ஒரே ஏட்டைப் பார்த்து வேலை செய்திருப்பதுதான். அந்த ஏட்டுக்குத்தான் ‘தரம்’ என்று பெயர்.

தமிழில் ‘தரம்’ என்றால் உயர்வு தாழ்வைக் குறிப்பதும் உண்டு. ‘தரமான அரிசி’ என்கிறோம். இங்கே நாம் பேசுவது அந்தப் பொருளில் அல்ல. படி, மரக்கால் என்று ஊரெல்லாம் ஒப்புக்கொண்ட அளவு இருந்ததே, அதைப் போன்ற ஒரு பொது ஒப்பந்தத்தையே இங்கே தரம் என்கிறோம்.

ஒப்பந்தம் இல்லாவிட்டால்?

மறைமலை நகர் வழியாகச் செல்லும் ரயில் பாதையே இதற்கு நல்ல சான்று. இன்று அது 1,676 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட அகலப் பாதை. முன்பு அது 1,000 மில்லிமீட்டர் கொண்ட மீட்டர் பாதையாக இருந்தது. சென்னை எழும்பூரிலிருந்து தென் மாவட்டங்களுக்குச் சென்ற வண்டிகள் மீட்டர் பாதையிலும், சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கேயும் மேற்கேயும் சென்ற வண்டிகள் அகலப் பாதையிலும் ஓடின. ஒரு பாதையின் பெட்டி மற்றதில் ஓடாது. பாதை மாறும் இடத்தில் சரக்கு மூட்டைகளை ஒரு வண்டியிலிருந்து இறக்கி, மற்ற வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. சென்னை கடற்கரை–தாம்பரம் மீட்டர் பாதை மின்ரயில்கள் 2004-ஆம் ஆண்டு வரை ஓடின. இரண்டு பாதைகளையும் போட்டவர்கள் திறமையான பொறியாளர்களே. அவர்களுக்குள் ஒரு பொது அளவு மட்டும் இல்லை.

இரும்புப் பாதைக்கு நேர்ந்தது தமிழ் எழுத்துக்கும் நேர்ந்தது. கைபேசியிலிருந்து கைபேசிக்கு எழுத்து போவதில்லை; எண்தான் போகிறது என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள். ‘மறைமலை’ என்று நீங்கள் தட்டினால் 2990, 2993, 3016, 2990, 2994, 3016 என்னும் ஆறு எண்கள் புறப்படுகின்றன. 2990 என்பது ‘ம’. 2993 என்பது ‘ற’. 2994 என்பது ‘ல’. 3016 என்பது ஐகாரக் குறி. பெறுபவருடைய கைபேசி அதே எண்களுக்கு அதே எழுத்துகளைக் காட்டுவதால் அவர் ‘மறைமலை’ என்று படிக்கிறார்.

1990-களில் இந்த உடன்பாடு நடைமுறையில் இல்லை. ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஓர் எண் வரிசையை வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் எழுதிய கடிதத்தை மற்றொன்று நிறுவப்பட்ட கணிப்பொறியில் திறந்தால், பொருளற்ற குறிகள் திரை முழுதும் நிறையும். இந்திய மொழிகளுக்கான எண் வரிசை ஒன்றை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991-இல் வெளியிட்டிருந்தும், தமிழ்ப் பதிப்பகங்களும் மென்பொருள் செய்வோரும் தத்தம் வழியிலேயே சென்றனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழிணையம் 99’ மாநாடு ஒரு பொது வரிசையையும் ஒரு பொது விசைப்பலகையையும் காண முயன்றது. பின்னர் உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ‘யூனிகோடு’ பரவிய பிறகே இக்குழப்பம் தீர்ந்தது. மேலே நாம் கண்ட ஆறு எண்களும் யூனிகோடு வகுத்தவையே.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யூனிகோடு தமிழுக்கு ஒதுக்கிய இடங்களின் அமைப்பு, இந்தியாவில் அதற்கு முன் எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாக வகுக்கப்பட்டிருந்த வரிசையைப் பின்பற்றியது. தமிழின் இயல்புக்கு அது முழுதும் பொருந்தவில்லை என்று தமிழறிஞர் பலர் பின்னர் வாதிட்டனர். ஆனால் தரம் ஒன்று வழக்கத்துக்கு வந்துவிட்டால் அதை மாற்றுவது மிகக் கடினம். கோடிக்கணக்கான ஆவணங்கள் அதில் எழுதப்பட்டுவிடுகின்றன. பேச வேண்டிய காலம், தரம் எழுதப்படும் காலமே.

நம் நாட்டுத் தர அமைப்புகள்

இந்தியாவில் இப்பணிக்கெனத் தோன்றிய முதல் தேசிய அமைப்பு, 1947 ஜனவரியில் நிறுவப்பட்ட இந்தியத் தரக் கழகம். பிரஷர் குக்கரிலும் சிமெண்டு மூட்டையிலும் நீங்கள் பார்க்கும் ‘ஐ.எஸ்.ஐ.’ முத்திரை அதன் பெயரிலிருந்து வந்ததே. 1986-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அது 1987 ஏப்ரலில் ‘இந்தியத் தர நிர்ணய அமைவனம்’ ஆயிற்று. கைபேசியின் மின் பாதுகாப்பு, மின்கலம், சார்ஜர் ஆகியவற்றுக்கான இந்தியத் தரங்கள் இதன் பொறுப்பில் இருக்கின்றன. இந்தியாவில் விற்கப்படும் கைபேசி 22 இந்திய மொழிகளின் எழுத்துகளையும் திரையில் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கூறும் 2016-ஆம் ஆண்டுத் தரமும் இதனுடையதே.

ஆனால் கைபேசியும் கோபுரமும் தமக்குள் பேசும் முறை தனிக் கலை. அதற்கான உலக ஒப்பந்தம் இரண்டு படிகளில் உருவாகிறது. முதற்படி, பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம். 1865-இல் பாரிஸ் நகரில் தந்திக்காகத் தோன்றிய இந்த ஒன்றியத்தில் இந்தியா 1869 முதலே உறுப்பு நாடு. புதிய தலைமுறைக் கைபேசித் தொடர்பு எந்தெந்த நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும் என்பதை இது வகுக்கிறது. இரண்டாம் படி, 1998 டிசம்பரில் தோன்றிய ‘மூன்றாம் தலைமுறைக் கூட்டுத் திட்டம்’. பெயரில் மூன்றாம் தலைமுறை இருந்தாலும், நான்காம், ஐந்தாம் தலைமுறைகளுக்கான விரிவான விதிகளையும் எழுதியது இதுவே. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சீனா ஆகியவற்றின் தர அமைப்புகள் இதன் பங்காளிகள்.

இந்தப் பட்டியலில் வெகுகாலம் இந்தியா இல்லை. உலகிலேயே மிகுதியான கைபேசிகள் பயன்படும் நாடுகளில் ஒன்று நம்முடையது. ஆயினும் இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறை விதிகள் எழுதப்பட்டபோது நமக்கெனப் பங்காளி அமைப்பு ஒன்றும் அங்கே இல்லை. பிறர் எழுதியதை நாம் வாங்கிப் பொருத்திக் கொண்டோம்.

இக்குறையைப் போக்கத் தோன்றியதே இந்தியத் தொலைத்தொடர்புத் தர வளர்ச்சிச் சங்கம். ஆங்கில எழுத்துகளின் சுருக்கமாக ‘டி.எஸ்.டி.எஸ்.ஐ.’ என்று இதை அழைக்கிறார்கள். 2014-இல் சங்கமாகப் பதிவு பெற்றது. 2015-இல் கூட்டுத் திட்டத்தின் ஏழாவது பங்காளியாயிற்று. தொலைபேசி நிறுவனங்கள், கருவி செய்வோர், ஆய்வுக்கூடங்கள், கல்வி நிலையங்கள் இதன் உறுப்பினர்கள். ஓர் உறுப்பினர் ஒரு யோசனையை எழுத்தில் கொண்டுவருகிறார். குழுக்கள் அதைக் கணக்கிட்டுச் சோதிக்கின்றன. மற்றவர்கள் குறை கூறுகிறார்கள். திருத்தங்களுக்குப் பின் ஒத்த கருத்து ஏற்பட்டால் அது தரமாகிறது. இச்சங்கம் ஏற்கும் தரங்களை மைய அரசின் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் தேசியத் தரங்களாக ஏற்றுக்கொள்கிறது.

இந்தச் சங்கம் உலக அரங்கில் எழுப்பிய முதல் பெரிய கேள்வி நம் கிராமங்களைப் பற்றியது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கோபுரத்துக்கும் ஊருக்கும் இடையே

ஒரு கோபுரத்தின் அலைகள் ஆளும் நிலப்பரப்பைச் ‘செல்’ என்கிறோம். ஐந்தாம் தலைமுறைத் தொழில்நுட்பம் கிராமப்புறத்தில் எப்படி வேலை செய்கிறது என்று சோதிக்க, உலக வல்லுநர்கள் ஒரு மாதிரிக் கிராமப்புறத்தைக் கற்பனை செய்தார்கள். அதில் இரு கோபுரங்களுக்கு இடையே உள்ள தூரம் 1,732 மீட்டர். மக்கள் காரில் விரைந்து செல்பவர்கள். மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் ஓடும் ரயிலுக்குள்ளும் தொடர்பு அறாமல் இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை.

இந்த வருணனை எந்த ஊருக்குப் பொருந்துகிறது என்று எண்ணிப் பாருங்கள். திருவண்ணாமலை அல்லது விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூருக்கு இது பொருந்துமா? நம் ஊர்களில் மக்கள் ஓரிடத்தில் நெருங்கி வாழ்கிறார்கள், இடையே வயல்வெளி, அதற்கு அப்பால் அடுத்த ஊர். பெரும்பாலோர் வீட்டில் இருக்கிறார்கள், அல்லது நடந்து போகிறார்கள். ரயிலின் வேகம் அவர்கள் கவலை இல்லை. 1,732 மீட்டருக்கு ஒரு கோபுரம் நட அங்கே எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது.

நாட்டில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஊராட்சிகள் உள்ளன. தமிழ்நாட்டில் மட்டும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. ஊராட்சிதோறும் ஒளியிழைக் கம்பியைக் கொண்டு சேர்க்கும் மைய அரசுத் திட்டம் ஒன்று 2011-இல் ஏற்கப்பட்டது. கம்பி வந்து சேரும் இடத்தில் ஒரு கோபுரம் நட்டால், அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கெல்லாம் அந்த ஒரு கோபுரமே போதுமா? இதுதான் நம் பொறியாளர்கள் கேட்ட கேள்வி. கோபுரங்களுக்கு இடையே 6 கி.மீ. தூரம், மெதுவாக நடமாடும் மக்கள். இவ்வாறான ஒரு சோதனையையும் சேர்க்க வேண்டும் என்று இந்தியத் தரப்பு கோரியது. பன்னாட்டு ஒன்றியம் 2017-இல் வகுத்த சோதனைப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. ‘மெதுவான நடமாட்டம், பெரிய செல்’ என்பது அதன் பெயர்.

1,732 மீட்டரை 6,000 மீட்டராக்குவது எவ்வளவு பெரிய மாறுதல் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். தூரம் சுமார் மூன்றரை மடங்கு. பரப்பு அதன் வர்க்கம். அதாவது 12 மடங்கு. முன்பு 12 கோபுரங்கள் தேவைப்பட்ட நிலத்துக்கு ஒரு கோபுரம் போதும் என்றாகிறது. ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. தடையற்ற வெளியிலும்கூட அலையின் வலிமை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். செல்லின் ஓரத்தில் நிற்பவருக்கு அது 12-இல் ஒரு பங்காகிவிடும். மரம், சுவர், மேடு பள்ளம் உள்ள நிலத்தில் இன்னும் வேகமாகக் குறையும்.

மெலிந்த குரல்

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். கோபுரத்தின் மின்திறனைக் கூட்டிவிட்டால் போகிறது, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். கோபுரத்தின் குரலைக் கூட்டலாம். அதற்கு மின்கம்பி இருக்கிறது. பதில் சொல்ல வேண்டிய கைபேசியிடம் இருப்பதோ கையளவு மின்கலம். கோபுரம் பத்துக் கணக்கான வாட் திறனில் பேசுகிறது. கைபேசி சாதாரணமாக 200 மில்லிவாட் திறனுக்கு மேல் பேசுவதில்லை. ஆகவே ஊர்க் கோடியில் உள்ளவருக்குக் கோபுரத்தின் குரல் கேட்கும். அவர் குரல் கோபுரத்துக்குக் கேட்காது. திரையில் அலைக்கோடுகள் தெரிகின்றன, ஆனால் செய்தி போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று நீங்கள் அலுத்துக்கொண்டது உண்டல்லவா? அதற்கு இது ஒரு காரணம்.

கைபேசியின் மெலிந்த குரலை, மின்கலத்தைப் பெரிதாக்காமல், எப்படித் தூரத்துக்கு அனுப்புவது? இதற்கு ஒரு வழி அலையின் வடிவத்திலேயே இருக்கிறது.

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி வைப்பவரைக் கவனியுங்கள். பாடகர் சில இடங்களில் திடீரென உச்சத்துக்குப் போவார் என்றால், அந்த இடத்தில் ஒலி சிதறாமல் இருக்க, முழுப் பாட்டுக்குமே அவர் ஒலியைக் குறைத்து வைக்கிறார். சீரான குரலில் ஒருவர் பேசினால் குமிழைத் தாராளமாகத் திருப்புகிறார். கைபேசிக்குள் இருக்கும் பெருக்கியும் இப்படித்தான். அலையின் உயரம் ஒரே சீராக இல்லாமல் திடீர் முகடுகளோடு இருந்தால், முகடு சிதையாமல் இருக்க, பெருக்கி தன் முழுத் திறனுக்கு வெகு கீழேயே இயங்க வேண்டியிருக்கிறது. அலை சீராக இருந்தால் அதே பெருக்கி உச்ச அளவை நெருங்கி இயங்கலாம். அதே மின்கலம், அதே கருவி. குரல் மட்டும் வலுக்கிறது.

அலையைச் சீராக்குவது எப்படி? எளிய இலக்கச் செய்தி அலையில் 0, 1 என்னும் இரு நிலைகளைக் குறிக்க, அலையை நேர் எதிராகத் திருப்புவது வழக்கம். அதாவது 180 பாகை திருப்பம். அப்படித் திரும்பும்போது அலையின் உயரம் ஒரு கணம் சுழிக்குத் தாழ்ந்து மீண்டும் எழுகிறது. தலையில் தண்ணீர்க் குடத்தோடு போகிறவர் சட்டென முழுதாகத் திரும்பினால் தண்ணீர் தளும்பும் அல்லவா? கால் வட்டமாகத் திரும்பினால் அவ்வளவு தளும்பாது. அதுபோல, ஒவ்வொரு குறிக்கும் அச்சை 90 பாகை நகர்த்திக்கொண்டே போனால், அடுத்தடுத்த குறிகளுக்கு இடையே உள்ள திருப்பம் எப்போதும் 90 பாகைதான். அலை சுழி வழியாகப் போவதே இல்லை. அதனோடு அலையின் அலைவெண் பரவலையும் மெல்லச் செதுக்கிவிட்டால் உயரம் ஏறக்குறைய சீராகிவிடுகிறது.

இம்முறைக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு குறியும் ஒரே ஒரு பிட் செய்தியைத்தான் சுமக்கும். ஆகவே வேகம் குறைவு. ஆனால் செல்லின் ஓரத்தில் இருப்பவருக்கு மெதுவாகவேனும் செய்தி போய்ச் சேர்வதே பெரிது. உலகத் தரத்தில் இது விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற அளவில் இருந்தது. விருப்பத்துக்கு விட்டால், செலவைக் கருதிப் பலர் விட்டுவிடக்கூடும். எல்லாக் கைபேசியிலும் இது கட்டாயம் இருக்க வேண்டும் என்பதே இந்தியப் பொறியாளர்களின் வாதம். ஐதராபாத் ஐ.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில் உள்ள கம்பியில்லாத் தொழில்நுட்ப மையம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் இப்பணியில் முன்நின்றனர்.

தனித் தரமா, பொதுத் தரமா?

இவ்வாறு உருவான இந்தியத் தரத்துக்கு ‘5ஜிஐ’ என்று பெயர். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2021-இன் தொடக்கத்தில் வெளியிட்ட ஐந்தாம் தலைமுறைத் தொழில்நுட்பப் பட்டியலில் அதுவும் இடம்பெற்றது. அதுவரை பிறர் எழுதிய ஏட்டையே படித்து வந்த நாடு, தானும் ஓர் ஏட்டை எழுதி உலக அரங்கில் ஏற்பு பெற்றது.

ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல் முளைத்தது. 5ஜிஐ கூட்டுத் திட்டத்தின் பொதுத் தரத்தைப் பெரும்பாலும் ஒத்திருந்தும் சில இடங்களில் வேறுபட்டது. அவ்வாறானால் இந்தியாவுக்கெனத் தனிச் சில்லு, தனிக் கருவி, தனிச் சோதனை வேண்டும், விலை ஏறும், வெளிநாட்டுக் கைபேசி இங்கே முழுப் பயன் தராமற் போகலாம் என்று தொலைபேசி நிறுவனங்கள் அஞ்சின. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தயாராகும் பொருள்கள் நம் நாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. கப்பலேறியும் விமானமேறியும் வெளிநாடு செல்பவை. உள்நாட்டுக்கு ஒரு வகை, வெளிநாட்டுக்கு ஒரு வகை என்றால், அகலப் பாதை, மீட்டர் பாதைக் கதை மீண்டும் தொடங்கிவிடும் அல்லவா?

மறுபக்க வாதமும் எளிதாகத் தள்ளக்கூடியதன்று. தனியாக எழுதிக் காட்டியிராவிட்டால் கிராமத்தின் தேவையை யார் கேட்டிருப்பார்கள் என்று அவர்கள் கேட்டார்கள்.

இரு சாராரும் இறுதியில் ஒரு நடுவழியைக் கண்டனர். 2021 டிசம்பரில் 5ஜிஐ-யைக் கூட்டுத் திட்டத்தின் தரத்தோடு இணைக்க உடன்பாடு ஏற்பட்டது. 2022-இல் முடிவுற்ற அத்தரத்தின் 17-ஆம் வெளியீட்டில் இந்த இணைப்பு நிறைவேறியது. தனி ஏடு மறைந்தது. அதில் எழுதியிருந்த கோரிக்கை பொது ஏட்டில் ஏறியது. 2022 அக்டோபர் 1-ஆம் நாள் இந்தியாவில் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கியபோது நாட்டில் இரு பாதைகள் இல்லை; ஒரே பாதைதான் இருந்தது.

முன்பு ஒரு முறையும் நம் பொறியாளர்கள் கிராமத்தை மனத்தில் வைத்து வேலை செய்ததுண்டு. 1984-இல் தொடங்கப்பட்ட ‘சி-டாட்’ நிறுவனம், குளிர்சாதன வசதி இல்லாமலே வெயிலிலும் புழுதியிலும் இயங்கும் கிராமத் தொலைபேசி இணைப்பகத்தை வடிவமைத்தது. முதல் இணைப்பகம் 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் இயங்கத் தொடங்கியது. அன்று அது தனியாகச் செய்யக்கூடிய வேலை. இணைப்பகம் என்பது ஓர் ஊரில் வைத்த பெட்டி. அது அங்கேயே இருக்கும். கைபேசி அப்படியல்ல. அது ஊர் ஊராக, நாடு நாடாகச் செல்லும் பொருள். ஆகவே கிராமத்தின் தேவையை இன்று உலக ஏட்டிலேயே எழுதியாக வேண்டியிருக்கிறது.

ஏட்டில் இருந்தால் போதுமா?

போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தரத்தில் ஒரு முறை இடம்பெற்றுவிட்டால், அதைச் செய்ய வழி பிறக்கிறது, அவ்வளவே. சில்லு செய்பவர் அதைச் சில்லில் சேர்க்க வேண்டும். தொலைபேசி நிறுவனம் கோபுரத்தில் அதை இயக்க வேண்டும். அலை வெகுதூரம் செல்லும் 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவெண்களைக் கிராமத்துக்குப் பயன்படுத்த வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது தரத்துக்கும் பொருந்தும். ஆனால் ஏட்டிலேயே இல்லாத சுரைக்காயை எந்தக் கைபேசியிலும் யாரும் நடப்போவதில்லை.

இதில் பணத்தின் பங்கும் உண்டு. ஒரு தரத்துக்குள் யாருடைய கண்டுபிடிப்பு இடம்பெறுகிறதோ அவருக்கு, அத்தரத்தின்படி செய்யப்படும் ஒவ்வொரு கைபேசிக்கும் காப்புரிமைக் கட்டணம் சேர்கிறது. நியாயமான, பாரபட்சமற்ற கட்டணமே வாங்க வேண்டும் என்பது தர அமைப்புகளின் விதி. கட்டணம் நியாயமானதாகவே இருந்தாலும், அது போய்ச் சேர்வது கண்டுபிடித்தவரிடம். கைபேசியைப் பூட்டுபவருக்குக் கூலி, வடிவமைத்தவருக்கு லாபம், தரத்தில் இடம்பெற்ற முறையைக் கண்டுபிடித்தவருக்கோ, யார் பூட்டினாலும் யார் விற்றாலும், ஒரு பங்கு. நம் தொழிற்சாலைகள் பெருகுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பூட்டுவதோடு நின்றுவிட்டால் மூன்றாவது பங்கு நமக்கு என்றும் வராது.

இந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் இளம்பெண்கள். பலர் தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்கள். அவர்கள் கைபட்ட கைபேசி உலகத்தின் எந்த மூலையிலும் பேசுகிறது. அவர்கள் ஊருக்குப் போகும்போது, ஊர்க் கோடியில் உள்ள வீட்டிலிருந்து அதே கைபேசி பேசுமா? இந்தக் கேள்விக்கு விடை தொழிற்சாலையில் தீர்மானிக்கப்படுவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு நாட்டில், விதி எழுதும் அறையில் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

ஆறாம் தலைமுறைக்கான ஏடு இப்போது எழுதப்பட்டு வருகிறது. பன்னாட்டு ஒன்றியம் 2023 நவம்பரில் அதற்கான அடிப்படைத் திட்டத்தை வெளியிட்டது. அதில் கூறப்பட்டுள்ள ஆறு பயன் வகைகளில் ஒன்று ‘எங்கும் தொடர்பு’. நகரத்துக்கு அப்பால், தொடர்பு எட்டாத இடங்களுக்கும் தொடர்பு. ஒன்றியத்தின் உலகத் தர நிர்ணயப் பேரவை 2024 அக்டோபரில் புதுதில்லியில் நடைபெற்றது. அறையின் கதவு நமக்குத் திறந்தே இருக்கிறது.

உள்ளே போய் உட்காருவதற்கு வேண்டியது உரத்த குரல் அன்று, கணக்கும் சோதனையும். 6 கி.மீ. என்னும் ஓர் எண்ணை உலகம் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், அந்த எண்ணுக்குப் பின்னால் நம் ஊர்களைப் பற்றிய கணக்கு இருந்ததே. இதைப் படிக்கும் மாணவர்களே, இன்று பள்ளியில் நீங்கள் படிக்கும் அலைகளும் கோணங்களும் வர்க்கங்களும் தேர்வோடு முடிந்துவிடுபவை அல்ல. உங்கள் ஊரில் கோபுரம் எங்கே இருக்கிறது, எந்தத் தெருவரை அலை எட்டுகிறது, எங்கே அறுந்துபோகிறது என்று ஒரு முறை நடந்து பார்த்துக் குறித்து வையுங்கள். அந்த மாதிரிக் குறிப்புகளிலிருந்துதான் நாளைய தரம் எழுதப்படுகிறது.